உயிரி எரிபொருள் சான்றிதழ் காட்டைக் காப்பாற்றுகிறதா?

நிலவளவன்:

வேறொரு இழையில் ஒருவர், “ஐரோப்பாவில் விற்கும் பயோடீசல் எல்லாம் சான்றிதழ் பெற்றது, காடழிப்பு பற்றிக் கவலையே வேண்டாம்” என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

முதலில் விதி. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆணை, போக்குவரத்துக்கான ஆற்றலில் 10 சதவீதம் 2020-க்குள் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்றது. பயோடீசல், எத்தனால் போன்ற உயிரி எரிபொருள் அந்தக் கணக்கில் சேர இரண்டு நிபந்தனைகள். பெட்ரோல், டீசலைவிடப் பசுங்குடில் வாயு 35 சதவீதமாவது குறைய வேண்டும். (பிறகு அது 50 ஆனது. 2021 முதல் தொடங்கிய ஆலைகளுக்கு 65.) அடுத்து, 2008 ஜனவரியில் காடாகவோ சதுப்பாகவோ கரிநிலமாகவோ (மட்கிய தாவரம் அடுக்கடுக்காகத் தேங்கிய ஈரநிலம்) இருந்த இடத்தை அழித்து விளைவித்த பயிராக இருக்கக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குச் சாட்சியாகத் தரும் சான்றிதழ் நிலத்தைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த எண்ணெய் எந்த வயலில் விளைந்தது? நேற்று வரை அந்த வயலின் எண்ணெயை வாங்கிக்கொண்டிருந்தவர் இன்று எங்கே போய் வாங்குகிறார் என்று அது கேட்பதில்லை. ஜெர்மனியில் நூறு ஆண்டாக உழுத நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் விளைந்த ரேப்சீடு (கடுகு இனத்து எண்ணெய் வித்து) எண்ணெய், மார்ஜரின் என்ற தாவர வெண்ணெய் ஆலைக்குப் போனது. இப்போது பயோடீசல் ஆலைக்குப் போகிறது. வயலில் குறை இல்லை, சான்றிதழிலும் குறை இல்லை. மார்ஜரின் ஆலை மட்டும் கப்பலில் வரும் பாமாயிலுக்கு மாறிவிட்டது. அது உணவுக்குப் போகும் எண்ணெய் என்பதால் இந்த விதி அதைத் தொடாது. கடைசியில் மரம் விழுவது தென்கிழக்கு ஆசியத் தீவான போர்னியோவில்.

இதற்கு மறைமுக நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று பெயர். எந்த ஒரு வயலையும் காட்டி இதை நிரூபிக்க முடியாது, அதனால் எந்தச் சான்றிதழாலும் இதைப் பிடிக்க முடியாது. பயிரிலிருந்து வரும் எரிபொருளுக்குச் சான்றிதழ் தீர்வே அல்ல, மொத்த அளவைக் குறைப்பதுதான் வழி என்பது என் கட்சி.

கடுகுப்பூ:

நிலவளவன், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். வட ஜெர்மனியில் ஒரு விதை அரைக்கும் ஆலையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவள் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

100 கிலோ ரேப்சீடை அரைத்தால் எண்ணெய் சுமார் 40 கிலோதான் வரும். மீதி பிண்ணாக்கு. செக்கிலிருந்து சூடாக, தட்டையான துண்டுகளாக விழும், கையில் எடுத்தால் நொறுங்கும். மாடு, பன்றித் தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகும். அந்தத் தீவனம் இங்கே கிடைக்காவிட்டால் பண்ணைக்காரர் தென் அமெரிக்கச் சோயாப் பிண்ணாக்கைத்தான் வாங்குவார். ஆக, உங்கள் மார்ஜரின் ஆலை ஒரு பக்கம் பாமாயிலை இழுக்கிறது என்றால், எங்கள் பிண்ணாக்கு மறுபக்கம் சோயா இறக்குமதியைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்?

விதி வெறும் காகிதம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2009 ஆணையின் அட்டவணையில் ரேப்சீடு பயோடீசலுக்கு இயல்பு மதிப்பாக (ஆலை தன் சொந்தக் கணக்கைக் காட்டாவிட்டால் எடுத்துக்கொள்ளும் எண்) 38 சதவீதச் சேமிப்புதான் போட்டிருந்தார்கள். 2018-ல் குறைந்தபட்சச் சேமிப்பு என்ற வாசல் 50 ஆனபோது அந்த எண்ணை வைத்து விற்க முடியாது. உண்மையான கணக்கைக் காட்டியாக வேண்டும். எங்கள் ஆலை ஒவ்வொரு விவசாயியிடமும் எத்தனை கிலோ தழைச்சத்து போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். மண்ணில் போடும் தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக ஆவியாகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு. அதுவரை ஒரு கண் அளவில் உரம் போட்டவர்கள் மண்ணைப் பரிசோதித்துப் போடத் தொடங்கினார்கள். ரொட்டிக்கு விளையும் கோதுமையிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்? மார்ஜரின் பாமாயிலிடம்?

தேன்சிட்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த மறைமுக மாற்றத்தை யாராவது அளந்திருக்கிறார்களா, அல்லது ஊகம்தானா?

நிலவளவன்:

அளக்க முடியாது தேன்சிட்டு, கணினி மாதிரி வைத்துக் கணக்கிடத்தான் முடியும். 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் டிமோதி சர்ச்சிங்கர் குழு எழுதிய கட்டுரைதான் இந்த விவாதத்தையே கிளப்பியது. அமெரிக்க மக்காச்சோள எத்தனாலுக்காக உலகில் எங்கோ புதிதாக உழப்படும் நிலத்தின் கார்பனையும் சேர்த்தால், எத்தனால் மிச்சப்படுத்தும் உமிழ்வால் அந்தக் கார்பன் கடன் அடைய 167 ஆண்டு ஆகும் என்றார்கள். அதே ஆண்டு இன்னொரு குழு, கரிநிலக் காட்டை அழித்து நடும் எண்ணெய்ப் பனையின் பயோடீசலுக்கு 400 ஆண்டுக்கு மேல் என்றது.

ஐரோப்பிய ஆணையமே கேட்டு வாங்கிய, ‘குளோபியம்’ என்ற கணினி மாதிரியை வைத்துச் செய்த ஆய்வும் இருக்கிறது. ஒரு மெகாஜூல் எரிபொருளுக்கு நில மாற்றத்தால் மட்டும் வரும் உமிழ்வு பாமாயிலுக்கு 231 கிராம், சோயாவுக்கு 150, ரேப்சீடுக்கு 65. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் புதைபடிவ எரிபொருளின் மொத்த உமிழ்வு 94 கிராம். பாமாயிலின் நிலக் கணக்கு மட்டுமே டீசலைப்போல் இரண்டரை மடங்கு!

கடுகுப்பூ:

அதே குளோபியத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு 14, கரும்புக்கு 17, சர்க்கரைக் கிழங்குக்கு 15 என்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பயிருக்குப் பயிர் வானுக்கும் மண்ணுக்குமான வித்தியாசம். “பயிர் எரிபொருள்” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று. சர்ச்சிங்கர் கணக்கில் மக்காச்சோளத்தின் நில உமிழ்வு 104 கிராம். கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 2009-ல் 30 என்றது. 2015-ல் அதே வாரியம் சுமார் 20 என்று குறைத்தது. ஏழு ஆண்டுக்குள் ஐந்தில் ஒரு பங்கு! இப்படி ஆடும் எண்ணை வைத்து ஒரு விவசாயியின் பிழைப்பைத் தீர்மானிக்கலாமா?

நிலவளவன்:

எத்தனால் பயிர்களை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய்ப் பயிர்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை என்று முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எண் ஆடுகிறது என்ற வாதத்தைத் திருப்பிப் பாருங்கள். 20 சரியா 104 சரியா என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். பூஜ்யம் தவறு என்று நிச்சயமாகத் தெரியும். 2015-ல் ஆணையைத் திருத்தியபோது ஒன்றியம் என்ன செய்தது? எண்ணெய்ப் பயிருக்கு 55 கிராம், தானியத்துக்கு 12, சர்க்கரைப் பயிருக்கு 13 என்று எழுதி வைத்தது. அறிக்கையில் காட்டினால் போதும், தகுதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அந்த 55-ஐச் சேர்த்தால் ரேப்சீடு பயோடீசல் அந்த 50 சதவீத வாசலைத் தாண்டவே முடியாது, உரத்தை எவ்வளவு குறைத்தாலும் சரி. தெரியாத ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டால் அந்தச் சந்தேகத்தின் பலன் முழுக்க விற்பவருக்குப் போகிறது. நஷ்டம் காட்டுக்கு.

அதே திருத்தம்தான் உணவுப் பயிர் எரிபொருளுக்குப் போக்குவரத்து ஆற்றலில் 7 சதவீத உச்சவரம்பும் வைத்தது. எனக்கு நம்பிக்கை தருவது அந்த வரம்புதான்.

மின்பாதை:

இரண்டு பேரும் எண்ணெயிலேயே நிற்கிறீர்கள். இலை சூரிய ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பயிராக மாற்றுகிறது. சூரியத் தகடு 20 சதவீதம் மின்சாரமாக மாற்றுகிறது. அந்தப் பயிரையும் எரித்து, என்ஜினில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறோம். ஒரே ஏக்கரில் பல பத்து மடங்கு தூரம் ஓடலாம். காருக்காக வயலை உழுவதையே நிறுத்த வேண்டும்.

கடுகுப்பூ:

காருக்குச் சரி. கண்டம் தாண்டும் விமானத்தைப் பேட்டரியில் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

மின்பாதை:

விமானத்துக்கான ஐரோப்பிய விதியே உணவு, தீவனப் பயிரை விலக்கி வைத்திருக்கிறது. 2025-ல் 2 சதவீதம், 2050-ல் 70 சதவீதம் நிலையான (சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த) எரிபொருள் வேண்டும் என்கிறது, ஆனால் அது கழிவிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் வர வேண்டும். ரேப்சீடு அதில் சேராது.

எடைமேடை:

“கழிவிலிருந்து” என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சான்றிதழ்த் தணிக்கைக்குச் சில ஆண்டுகள் போய்வந்தவன் நான். நிறுவனப் பெயர் சொல்லப்போவதில்லை.

பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரிக்கும் ஒரு கிடங்கு. நீல பீப்பாய்கள், தரையெல்லாம் பிசுபிசுப்பு. மேலாளர் ஒரு கோப்பை நீட்டினார். உணவகம் உணவகமாகக் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள்கள். “எங்களிடமிருந்து வருவது பொரித்து முடித்த எண்ணெய்தான்” என்று ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம். நூறு இடத்தில் சேகரித்தால் வர்க்கமூலக் கணக்குப்படி பத்து இடத்தைப் பார்த்தால் போதும். பத்தில் ஒன்றுக்கு நேரில் போனேன். கடை இருந்தது, எண்ணெய்ச் சட்டியும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டியிலிருந்து தாளில் எழுதியிருந்த எடை வர வேண்டுமென்றால் அவர்கள் இரவும் பகலும் பொரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிக்கையில் எழுதினேன். பிறகு அந்தக் கோப்பு என்ன ஆனதென்று எனக்குத் தெரிவிக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது? கழிவிலிருந்து வரும் எரிபொருளை இலக்கில் இரட்டையாக எண்ணலாம். அதனால் சில காலங்களில் பொரித்த எண்ணெய், புதுப் பாமாயிலைவிட அதிக விலைக்குப் போனது. புது எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிக் கலந்துவிட்டால் ஆய்வகத்தாலும் சுலபமாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் எடைச் சமநிலைக் கணக்கு. சான்றிதழ் உள்ள சரக்கும் இல்லாத சரக்கும் ஒரே தொட்டியில் கலக்கலாம், பதிவேட்டில் உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் பொருந்தினால் போதும். நான் தணிக்கை செய்தது பதிவேட்டைத்தான், எண்ணெயை அல்ல. ஒன்றியத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றமும் 2016-ல் இந்தச் சான்றிதழ் அமைப்பை முழுமையாக நம்ப முடியாது என்று அறிக்கை வெளியிட்டது. தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பது தணிக்கைக்கு உட்படும் நிறுவனம். அது மாறாமல் எந்த விதியை இறுக்கியும் பயனில்லை.

தேன்சிட்டு:

படிக்கவே பதற்றமாக இருக்கிறது. அப்படியானால் பாமாயில் எரிபொருளை ஒன்றியம் தடுத்திருக்கிறதே, அது மட்டும் எப்படிச் சாத்தியமானது?

நிலவளவன்:

ஏனென்றால் அங்கே வயலைப் பார்க்காமல் பயிரையே பார்த்தார்கள். 2019-ல் ஒரு வாசல் வைத்தார்கள். ஒரு பயிரின் புது விரிவாக்கத்தில் 10 சதவீதத்துக்கு மேல் காடு, கரிநிலம் போன்ற கார்பன் செறிந்த நிலத்தில் போனால் அது அதிக ஆபத்துப் பயிர். பாமாயில் 45 சதவீதம், சோயா 8 சதவீதம் என்று வந்தது. ஆகவே பாமாயிலின் பங்கை 2019 அளவில் நிறுத்தி, 2023 இறுதியிலிருந்து படிப்படியாக இறக்கி, 2030-ல் பூஜ்யமாக்க வேண்டும். நான் முதலில் சொன்ன வழி இதுதான்.

கடுகுப்பூ:

உங்களோடு எனக்கு மிகவும் மாறுபாடு இங்கேதான். ஒரு ஹெக்டேர் பனை சுமார் 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன் கூடத் தருவதில்லை. பனையை விலக்கி அந்த இடத்தைச் சோயா பிடித்தால் நிலத் தேவை கூடும், குறையாது. சோயா 8, வாசல் 10. மயிரிழையில் தப்பியது. இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. 2024-ல் மலேசிய வழக்கில் நடுவர் குழு, சுற்றுச்சூழல் காரணத்துக்காக வரம்பு வைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வரம்புக்கு அடிப்படையான தரவை உரிய காலத்தில் மறுபரிசீலனை செய்யவில்லை என்று ஒன்றியத்தைக் குறை சொன்னது. காட்டை அழிக்காமல், பழைய தோட்டத்திலேயே விளைச்சலைக் கூட்டிய சிறு விவசாயியும் அந்த 45 சதவீதத்துக்குள் அடைபட்டுவிட்டார். தன் வயலைக் காட்ட அவருக்கு ஒரு வழி வேண்டாமா?

நிலவளவன்:

வேண்டும். குறைந்த ஆபத்துச் சான்றிதழ் என்று ஒரு கதவு விதியில் இருக்கிறது, ஆனால் சிறு விவசாயி நுழைய முடியாத அளவுக்குக் காகித வேலை. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். சோயா விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. என் வழி அதையும் சேர்த்து நிறுத்துவது.

என்னை இப்போது உறுத்துவது வேறு. 2024-ல், இரட்டையாக எண்ணப்படும் கழிவுப் பட்டியலில் இடைப்பருவப் பயிர்களைச் சேர்த்தார்கள். இரண்டு அறுவடைக்கு நடுவே, சும்மா கிடக்கும் மாதங்களில் விளையும் எண்ணெய் வித்து. “கூடுதல் நிலத் தேவையைத் தூண்டக் கூடாது” என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அதை யார், எதை வைத்துப் பார்ப்பார்கள்? இடைப்பயிர் நல்ல விலைக்குப் போனால், அதற்கு இடம் கொடுக்க முக்கியப் பயிரைத் தாமதமாக விதைப்பார்கள். கோதுமை குறையும், வேறு எங்கோ நிலம் உழப்படும். பழைய மார்ஜரின் கதையேதான்.

கடுகுப்பூ:

இடைப்பயிர் மண்ணுக்கு நல்லது. மழைக்காலத்தில் வெற்று நிலம் அரித்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதையும் சந்தேகத்தின் பேரில் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து.

எடைமேடை:

தள்ள வேண்டியதில்லை. தணிக்கைக்குப் போகிறவர் கேட்க வேண்டியது இரண்டு தாள்கள்தான். முக்கியப் பயிரை விதைத்த தேதி, அறுவடை எடைச்சீட்டு. இடைப்பயிருக்கு முந்தைய ஐந்து ஆண்டும் பிந்தைய ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கோதுமை குறைந்ததா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு மோசமான பருவத்தை ஐந்தாண்டுச் சராசரி சமன்செய்யும்.

கடுகுப்பூ:

அந்தச் சீட்டுகள் எந்த விவசாயியின் மேசை இழுப்பறையிலும் இருக்கும். எங்கள் ஆலைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அதை விதியில் எழுதட்டும், நான் எதிர்க்க மாட்டேன். 7 சதவீத வரம்பைப் பற்றி மட்டும் நிலவளவனோடு நான் இன்னும் உடன்படவில்லை. பிண்ணாக்குக் கணக்கை நாளை எழுதுகிறேன்.