டார்ச் செல் கண்டுபிடித்துக் கொடுத்த பேஸ்

சத்துவாச்சாரிவாசி:

நம்ம வேலூர்ப் பக்கம் காரில் ஆடியோ கட்டியவர்கள் பட்ட பாட்டை ஒருநாள் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். யாரும் தொடங்கவில்லை. சரி, என் கூத்தையே முதலில் வைக்கிறேன்.

போன வருஷம் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினேன். அதில் இருந்த செட்டில் பாட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டு ரேடியோவை ஒட்டுக்கேட்பது போல இருக்கும். ஒரு கடையில் விட்டு, முன் கதவுகளில் ஆறரை இன்ச் ஸ்பீக்கர், தனி ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்), டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), 12 இன்ச் சப்வூஃபர் (கனத்த பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) எல்லாம் போட்டேன். செலவை மட்டும் கேட்காதீர்கள், வீட்டம்மாவும் இதைப் படிப்பார்.

முதல் நாளே இரண்டு குறை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘கொய்ங்’ என்று ஒரு ஊளை, எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப ஏறும், இறங்கும். கொணவட்டத்திலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் அதுதான் பாட்டு. இரண்டாவது, பேஸ் இல்லை. சப்வூஃபரை ஏற்றினால் டிக்கியில் யாரோ மூட்டை உருட்டுகிற மாதிரி ‘தொம் தொம்’. முன்னால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இருக்கிற இடமே தெரியாது. கடையில் போய்ச் சொன்னால், “இன்னும் பெரிய ஆம்ப் போட்டுடலாம் சார்” என்றார்கள். போடுவதாகத்தான் இருந்தேன்.

இடையில் எங்கள் அம்மா காப்பாற்றினார். பின் சீட்டில் வலது பக்கம் படுத்துக்கொண்டு, “இந்தப் பக்கம் சத்தத்தைக் குறைடா, காது வலிக்குது” என்றார். பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளினேன். பேஸ் கும்மென்று வந்தது! நடுவுக்குக் கொண்டுவந்தால் போய்விட்டது. வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறுபடி வந்தது. தனித்தனியாக ஒழுங்காகப் பாடுகிற இரண்டு ஸ்பீக்கர், சேர்ந்தால் ஏன் சுருங்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் வள்ளிமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காது குத்து. அங்கே சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த பெரியவர் குடியாத்தம் பக்கத்துக்காரர், பாரதக் கூத்துக்கு விடிய விடிய மைக் செட் கட்டியே வயசானவர். சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் பேலன்ஸ் கதையைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து, “வண்டி எங்க நிக்குது?” என்றார்.

புளியமரத்தடியில் வைத்து இரண்டு டோர் பேடையும் கழற்றினோம். (ஒரு கிளிப் உடைந்தது. அது எப்போதும் உடையும்.) ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கி, தன் பையிலிருந்து குண்டு டார்ச் செல் ஒன்றை எடுத்தார். பிளஸ் வயரைச் செல்லின் குமிழிலும் மைனஸை அடியிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தார். இடது ஸ்பீக்கரின் கோன் ‘டப்’ என்று வெளியே வந்தது. வலது பக்க வயருக்கும் அதேபோலத் தொட்டார். கோன் உள்ளே போனது.

“இன்னா தம்பி, ஒண்ணு வெளிய தள்ளுது, ஒண்ணு உள்ள இழுக்குது. ரெண்டும் கட்சி கட்டிக்கினா சத்தம் எங்கிருந்து வரும்?”

அவ்வளவுதான் விஷயம். வலது பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், நீளமான பேஸ் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ட்வீட்டர் சத்தத்தின் அலை குட்டி என்பதால் அங்கே அவ்வளவாகத் தெரியாது. ஆம்ப் முனையில் இரண்டு வயரை மாற்றிச் செருகினோம். பெரிய ஆம்ப் வாங்க வைத்திருந்த காசு மிச்சம்.

கையோடு டிக்கியையும் பார்த்தார். ஆம்பின் எர்த் வயரைப் பெயிண்டுக்கு மேலேயே ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாள் வைத்துத் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, வயரை ஒன்றரை அடிக்கும் கீழாக வெட்டி மாட்டியதும் ஊளை முக்கால்வாசி அடங்கியது. செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பவர் வயரோடு சேர்த்து இழுத்திருந்தார்கள், அதை வண்டியின் மறுபக்கமாக நானே பிறகு மாற்றினேன். மீதியும் போனது.

என்னை உண்மையில் பயமுறுத்தியது ஃபியூஸ். அதை ஆம்புக்குப் பக்கத்தில், டிக்கிக்குள் வைத்திருந்தார்கள். பேட்டரியிலிருந்து டிக்கி வரை நாலு மீட்டருக்கு மேல் ஓடும் வயர் நடுவில் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், பேட்டரி கொடுக்கிற மொத்தக் கரண்டும் அதில் பாயும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் வேடிக்கை பார்க்கும். அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வாஷர்கூட இல்லை, வயர் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் குடும்பத்தோடு இதில்தான் திருவண்ணாமலை போய் வந்தேன்.

ஏலகிரி 14வது வளைவு:

பவர் வயரைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தீர்களா? எனக்குச் செம்பு என்று சொல்லிப் போட்டது உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. நல்ல செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். அதையே போடுவதென்றால் ஓரிரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும்.

கோட்டை எதிர்ல:

எனக்கு நம்ம ஊர் வெயில்தான் வில்லன். கதவு அதிராமல் இருக்க டேம்பிங் ஷீட் ஒட்டினேன், மலிவாகக் கிடைத்ததே என்று தார் ஷீட். அக்னி நட்சத்திரத்தில் கோட்டை பக்கம் மதியம் முழுக்க வண்டி நின்றது. சாயங்காலம் கதவைத் திறந்தால் புதுசாக ரோடு போட்ட வாசனை. ஷீட் இளகி வழிந்து, கண்ணாடி இறங்கும் சேனலில் தார். சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. பியூட்டைல் ரப்பர் ஷீட்டையே வாங்குங்கள். ஆம்பை சீட்டுக்கு அடியில் கார்பெட்டால் மூடி வைத்தவர்களுக்கும் மே மாதத்தில் பாட்டு பாதியில் நிற்கும். அது ரிப்பேர் இல்லை, சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்கிறது. மரச்சட்டம் வைத்துத் தூக்கி, சுற்றிலும் காற்றுப் போக விடுங்கள்.

ஆம்பூர்ப் பையன்:

சப்வூஃபரை வைக்கும் பாக்ஸுக்கு நம்ம ஊரில் தோல் வெட்டு மிச்சத்துக்குப் பஞ்சமா? கறுப்புத் தோல் சுற்றி ராஜா மாதிரி செய்தேன். உள்ளே ஆசாரி 12 எம்எம் பிளைவுட் போட்டிருந்தார், 18 எம்எம் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) கேட்டிருக்க வேண்டும். சில நோட்டில் ‘உர்ர்’ என்றது. லேசாகப் பேஸ் ஓடவிட்டு, மூலை மூலையாக ஊதுபத்தியைக் காட்டினேன். ஒரு மூலையில் புகை நடுங்கியது, காற்று அங்கேதான் கசிகிறது. சிலிகான் வைத்து அடைத்தேன். உர்ர் பாதி நின்றது. மீதி, பலகை மெலிசு.

காட்பாடி ஜங்ஷன்:

டைம் அலைன்மென்ட், அதாவது எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வருகிற மாதிரி வைப்பது, யாராவது செய்தீர்களா? அதைச் செய்கிற டிஎஸ்பி கருவியைப் போட்டதும் டேப் எடுத்து என் காதிலிருந்து அளந்தேன். வலது ட்வீட்டர் 80 செ.மீ., இடது 130. சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும், ஆக வலதை ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். போட்டதும் அதுவரை வலது ஜன்னலோரம் பாடிக்கொண்டிருந்தவர் நகர்ந்து டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பின்னால் வந்து நின்றார்! அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர், “என்னம்மா, முன்ன இருந்ததும் போச்சே” என்கிறார். அளந்தது என் காதுக்கு, அவர் சீட்டுக்கு அது இன்னும் கோணல். இப்போது இரண்டு செட்டிங். தனியாக ஓட்டும்போது பிள்ளையார், அவர் இருந்தால் பொது.

போளூர் ரோடு:

எனக்கும் அந்த ‘கொய்ங்’ இருக்கிறது. எர்த்தைத் தேய்த்தும் போகவில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு வைத்தாலும் மெல்லிசாக வருகிறது. ஆம்பில் இருக்கும் கெய்ன் திருகைக் குறைத்தால் குறைகிறது.

சத்துவாச்சாரிவாசி:

எஞ்சின் ஓடாமலே வந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது கரண்டு தருவது) குற்றவாளி இல்லை. ஆம்பில் ஆர்சிஏவைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிட்டால் சத்தம் முன்னாலிருந்து வருகிறது. போனை ஆக்ஸ் வயரில் மாட்டி, அதே போனுக்குச் சார்ஜரும் போட்டிருக்கிறீர்களா? கெய்னையும் வால்யூம் மாதிரி திருகாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துப் போடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டெஸ்ட் டோன் ஓட்டினால், 4 ஓமுக்கு 75 வாட் என்றால் 17.3 வோல்ட் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

போளூர் ரோடு:

சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. பத்து நாளாக ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.