பழைய வீடு, அஸ்பெஸ்டஸ் கூரை: மலையகத்தில் வாங்கியவர்களின் அனுபவங்கள்

பண்டாரவளை டீச்சர்:

பண்டாரவளைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். எழுபதுகளில் கட்டியது என்று வீட்டுக்காரர் சொன்னார். காணி உறுதிப் பத்திரம், பிளான், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தது எல்லாம் சரி. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் கேட்டுவிட்டோம். கூரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. முழுக்க அஸ்பெஸ்டஸ் சீட். ஹாலுக்குப் போட்டிருக்கும் சீலிங்கும் அதே சாம்பல் நிறத் தட்டைப் பலகை.

"இந்த நாட்டில் யார் வீட்டில்தான் சீட் இல்லை, டீச்சர்?" என்று புரோக்கர் கேட்டார். உண்மைதான். அதனால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அஸ்பெஸ்டஸில் இருக்கும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய் நோயாக வெளியே வர 20, 30, 40 வருடங்கள்கூட ஆகும். "நாங்கள் இத்தனை காலம் இருந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டுக்காரர் சொல்வதை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே சமயம் பயந்து ஓடவும் தேவையில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். சீட்டில் பெரும்பகுதி சீமெந்து. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நார், அதுவும் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கிறது. உடையாமல், துளைக்காமல், தேய்க்காமல் இருக்கும் சீட்டிலிருந்து கிளம்பும் தூசு மிகக் குறைவு. பிரச்சினை வீடு வாங்கியபின் நாம் செய்யும் வேலையில்தான் வருகிறது: விளக்குக்கு சீலிங்கில் ஓட்டை போடுவது, டிஷ் அன்டெனாவுக்கு சீட்டை வெட்டுவது, அறையை நீட்டுவதற்காகப் பழையதை இடித்துத் தள்ளுவது.

வீட்டைப் பார்க்கப் போனபோது எங்களுக்குத் தெரிந்த, கட்டட வேலை செய்யும் ஒரு பாஸையும் கூட்டிப் போனேன். கூரைமேல் ஏறாமல் ஏணியில் நின்றே பார்க்கச் சொன்னேன். நம் ஊர் மூடுபனியும் மாதக்கணக்கில் பெய்யும் மழையும் சீட்டின் மேல் சீமெந்தை மெதுவாகக் கரைத்துவிடுகின்றன. அப்புறம் நார் பஞ்சு மாதிரி மேலே தெரியும். மழைநீர் வடியும் பீலியில் சாம்பல் நிற வண்டல் தேங்கியிருந்தால் அதுவும் ஒரு அறிகுறி. போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு, குரங்கு குதித்து உடைந்த இடம், தார் பூசி ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். அப்புறம் கூரை மாற்ற என்ன செலவாகும் என்று எஸ்டிமேட் வாங்கி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு விலையில் ஒரு பகுதியைக் குறைத்தார். கையெழுத்துப் போட்டபின் கேட்டிருந்தால் ஒரு சதமும் குறைந்திருக்காது.

வேறு யாராவது இப்படி வாங்கியிருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, கழற்றும் வேலையை யார், எப்படிச் செய்தார்கள் என்று.

ஹட்டன்:

எங்கள் பக்கத்து வீட்டைப் புதிதாக ஒருவர் வாங்கினார். பெயின்ட் அடிப்பதற்கு முன் பாசியை எடுக்க இரண்டு பையன்களைக் கூரைமேல் ஏற்றிவிட்டார், கையில் கம்பி பிரஷ். வெயில் நாள். வெள்ளைத் தூசு காய்ந்துகொண்டிருந்த எங்கள் துணிமேலும் கீரைப் பாத்திமேலும் வந்து இறங்கியது. உடனே போய்ப் பேசினேன். அந்தப் பையன்கள் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சீட்டில் பாசியைச் சுரண்டக் கூடாது. பிரஷர் வாஷரும் வேண்டவே வேண்டாம், அது சீமெந்தைக் கிளப்பி நாரைச் சுற்றுப்புறம் முழுக்கத் தெளித்துவிடும். பாசிக்கொல்லியை, தோட்டத்தில் மருந்தடிக்கும் கேன் மாதிரி ஒன்றில் குறைந்த அழுத்தத்தில் தெளித்துவிட்டு அப்படியே விட வேண்டும். பாசி செத்துத் தானாக உதிரும். அப்புறம் ரோலரில் பெயின்ட் அடித்து மூடலாம். நல்ல நிலையில் இருக்கும் சீட்டுக்கு இது போதும். வெடித்துப்போன சீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

கம்பளை, கூரை வேலை:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். டீச்சர் கேட்டதற்கு என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அஸ்பெஸ்டஸ் சீட்மேல் நேராகக் கால் வைக்க யாரையும் விடாதீர்கள். பழைய சீட் உடையும் முன் சத்தம்கூடப் போடாது, ஆள் நேரே கீழே போய்விடுவான். நார் கொல்ல வருடக்கணக்கில் ஆகும், விழுந்தால் அன்றைக்கே முடிந்தது. கூரையின் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே நீளப் பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் சீட்டை நன்றாக நனைக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்தால் உள்ளே இறங்கும். மெதுவாகத் தெளிக்க வேண்டும், வழுக்கும் அளவுக்கு ஊற்றக் கூடாது. துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் அடித்தால் சீட் அந்த இடத்திலேயே உடையும், போல்ட்டை வெட்டி எடுப்பதுதான் சரி. சீட்டை முழுசாகத் தூக்கி, கயிறு கட்டி இறக்க வேண்டும். மேலிருந்து எறிந்தால் நேரம் மிச்சம், ஆனால் கீழே இருப்பவனின் மூச்சில் போவது அந்தத் தூசுதான். எங்கள் தொழிலில் கிரைண்டர் வைத்து வெட்டுவது இன்றும் சாதாரணம். அதைவிட மோசமான வேலை கிடையாது.

துணி மாஸ்க், ஆஸ்பத்திரி நீல மாஸ்க் இரண்டும் இதற்குப் பிரயோசனமில்லை. பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்று போட்டிருக்கும், முகத்தோடு இறுகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும். அதை வாங்கிக் கொடுக்கும் செலவை வீட்டுக்காரர்கள் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் சம்பளத்துக்கு வருகிற பையன் தன் காசில் வாங்க மாட்டான். வேலை முடிந்ததும் உடுப்பை அங்கேயே நனைத்து, பையில் போட்டுக் கட்ட வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் உதறித் துவைக்கிற மனைவிக்கும் அம்மாவுக்கும் அந்தத் தூசு போகும். வேலை நடந்த இடத்தை விளக்குமாறால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் போடுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இந்த நார் பலமடங்கு ஆபத்து. கூட வேலை செய்கிற தம்பிமார்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஓடு போடலாம் என்று நினைக்கிறவர்கள் யோசியுங்கள். ஓடு சீட்டைவிட எவ்வளவோ பாரம், சீட்டுக்குப் போட்ட மரம் தாங்காது, சரிவும் போதாது. சிங்க் அலுமினியம் சீட் போடுவதே சுலபம். ஆனால் மழைச் சத்தமும் குளிரும் உள்ளே இறங்கும், அடியில் ஃபோயில் போடாவிட்டால் விடியற்காலையில் தண்ணீர் சொட்டும். பண்டாரவளைக் காற்றுக்கு ஸ்க்ரூவையும் தாராளமாக அடிக்கச் சொல்லுங்கள்.

தலவாக்கலை:

பாஸ் அண்ணா சொன்னதெல்லாம் சரி. இவ்வளவு ஆபத்தென்றால் கடையில் எப்படி விற்கிறார்கள் என்று என் மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புவதும் பெரும்பாலும் ரஷ்யாதான். கட்டுப்பாடு கைவிடப்பட்டது, அந்த மாத முடிவிலேயே தேயிலைத் தடையும் நீங்கியது. நம் பெண்கள் பறித்த கொழுந்தைக் காட்டி, நம் தலைக்கு மேலேயே இந்த சீட்டை நிறுத்திவைத்தார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

நுவரெலியா:

கூரையை மட்டும் பார்க்காதீர்கள். நாங்கள் வாங்கியது பழைய தோட்ட உத்தியோகத்தர் பங்களா. குசினிக்குப் பின்னால் விறகு போட்டு எரிக்கும் பழைய சுடுதண்ணீர் பொய்லர் இருந்தது. குழாயைச் சுற்றி வெள்ளையாக, துணி சுற்றிய சுண்ணாம்பு மாதிரி ஒரு பூச்சு. கையால் அழுத்தினாலே பொடியாகக் கூடிய நிலையில் இருந்தது. பழைய பொய்லர், நீராவிக் குழாய்களுக்குச் சூடு போகாமல் அஸ்பெஸ்டஸைச் சுற்றுவது அந்தக் காலத்து வழக்கம். சீட் மாதிரி சீமெந்துக்குள் இறுகியது இல்லை, தொட்டாலே காற்றில் பறக்கும். சீட்டைவிட இது பல மடங்கு ஆபத்து.

கண்ணால் பார்த்து அஸ்பெஸ்டஸா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த எஞ்சினியர் மூலம் ஈரமாக்கிய ஒரு சின்னத் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை அந்த அறைக் கதவைப் பூட்டி, கீழ் இடைவெளியில் டேப் ஒட்டினோம், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. அஸ்பெஸ்டஸ்தான் என்று வந்தது. நாங்களாக அதைத் தொடவில்லை, பயிற்சி உள்ளவர்களை வைத்துத்தான் எடுத்தோம். செலவு கூடுதல்தான், ஆனால் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதுளை:

கழற்றிய சீட்டை என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். நாங்கள் இறக்கிய மறுநாளே ஒருவர் ஆட்டுக்கொட்டிலுக்குக் கேட்டார், இன்னொருவர் உடைந்த துண்டுகளைப் பாதையில் குழி நிரப்பக் கேட்டார். பாதையில் போட்டால் ஆட்டோவும் லொறியும் ஏறி ஏறி அரைத்துத் தூசாக்கிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வழி அது. இரண்டு பேருக்கும் காரணம் சொல்லி மறுத்தேன், கேட்டவர்களும் புரிந்துகொண்டார்கள்.

முழு சீட்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டினோம். உடைந்தவற்றைத் தனி உறையில் போட்டு, மேலே சிங்களத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதிவைத்தோம். எங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்று பிரதேச சபையிலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இதையெல்லாம் சீட்டை இறக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள் டீச்சர். இறக்கியபின் முற்றத்தில் மழையில் கிடந்தால், கேட்காமலே எடுத்துப் போகிறவர்களும் உண்டு.