அப்பத்தாவின் பெட்டியில் கிடைத்த தகரவில்லை

கேள்வி (தொண்டி): வணக்கம். காலஞ்சென்ற எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், கயிறு கோக்கத் துளையிட்டு எண் பொறித்த தகரவில்லை ஒன்று கிடைத்தது. அவருடைய தகப்பனார் கண்டிச்சீமைத் (இலங்கை மலைநாடு) தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அடிமைமுறையை ஒழித்த பின்னரும் மனிதருக்கு எண்ணிட்டு அனுப்பினார்களா?

மறுமொழி (மண்டபம்): ஐயா, அது ‘டின் டிக்கெட்’. எந்தத் தோட்டத்து ஆள் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இன்று ஈழ அகதிகள் வாழும் எங்கள் ஊர் முகாமில்தான் அன்று தோட்டத்துக்குப் போன ஆட்களை நிறுத்தி, அம்மை குத்தி, உடுதுணிகளை நீராவியில் வேகவைத்துக் கப்பலேற்றினார்கள்.

மறுமொழி (தேவிபட்டினம்): இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது, ஆகவே அவர்களை அடிமைகள் என்று எழுதுவது பிழை. ஆனால் கட்டற்றவர்கள் என்பது அதைவிடப் பெரிய பிழை. ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது, அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத் துரையிடமே ஆள் போய்ச் சேருவார். இம்முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

மறுமொழி (பாம்பன்): 1914இல் பாலமும் ரயிலும் வருவதற்கு முந்தைய காப்பிக் காலம் இன்னும் கொடியது. தோணியில் மன்னார்க் கரை இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் காலராவில் மாண்டார்கள்.

கேட்டவர்: நன்றி. துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறது. நெடுநாள் கழுத்தில் கிடந்திருக்க வேண்டும்.