கப்பல் ரத்து: ஞாயிறு காலைக்குள் போய்ச் சேர வழி உண்டா?

சுதன்_பி (வியாழன் காலை 9.40)
நாளை இரவுக் கப்பல் இல்லை என்று இப்போதுதான் மெசேஜ் வந்தது. டிக்கெட் எடுத்த கடையில் கேட்டேன், காசு திரும்பாதாம், வவுச்சர்தானாம். ஞாயிறு காலை கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

காலியரி_அக்கா (9.52)
எங்கேயிருந்து எங்கே தம்பி? காரோடு ஏறுகிறீர்களா, காரில்லாமலா? எத்தனை பேர்?

மால்டா_கார்த்திக் (9.58)
மெசேஜில் காரணம் போட்டிருக்கிறார்களா? அதை அப்படியே இங்கே எழுதுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

நாவாந்துறையான் (10.05)
காரணம் கேட்கவே வேண்டாம், மாயிஸ்த்ராலேதான், அந்த வடமேற்குக் காற்று. எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட சாரம் நேற்றே பறந்துவிட்டது. இந்தக் காற்று பிடித்தால் மூன்று நாள், விடாவிட்டால் ஆறு நாள்.

பழைய_மாலுமி (10.21)
ஊர் பெயர்கூட எழுதாமல் உதவி கேட்பவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து சார்டீனியாத் தீவின் காலியரி என்றே எடுத்துக்கொள்கிறேன். அது வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் ஓடுகிற தடம். அதை நம்பி ஞாயிறு காலைக்கு ஒரு காரியத்தை வைத்தது முதல் பிழை. விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அதில் போக வேண்டியதுதானே. இதற்கு ஓர் இழையா?

சுதன்_பி (10.48)
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஆம், பலெர்மோ – காலியரி. நான், மனைவி, எட்டு மாதக் குழந்தை. கார் இல்லை. தங்கச்சியின் பிள்ளைக்கு ஞாயிறு 11 மணிக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தந்தை. குழந்தைக்குக் காதில் சீழ், விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெசேஜில் இருப்பது: "பார்த்தென்சா அன்னுல்லாத்தா பெர் அவ்வெர்சே கொந்திசியோனி மெத்தேயோ". மோசமான வானிலையால் புறப்பாடு ரத்து என்று. அவ்வளவுதான்.

மால்டா_கார்த்திக் (11.02)
அப்படியென்றால் வானிலைதான் காரணம். சுதன், இதைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற கடல் பயணிகள் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். கப்பல் ரத்தானால் உங்கள் முன் இரண்டு வழிகளை வைப்பது நிறுவனத்தின் கடமை: கூடுதல் காசு வாங்காமல் வேறு கப்பலில் அல்லது வேறு தடத்தில் அனுப்புவது, இல்லையென்றால் முழுக் காசையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தருவது. எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். வவுச்சர் நீங்கள் சம்மதித்தால் மட்டும். "வவுச்சர் வேண்டாம்" என்று எழுத்தில் அனுப்புங்கள். கடையில் வாயால் சொன்னால் அது காற்றோடு போய்விடும்.

வானிலை என்பதால் கிடைக்காதவை இரண்டு: தாமதத்துக்கான 25 அல்லது 50 சதவீத நஷ்ட ஈடு, ஹோட்டல் செலவு. கடைக்காரர் இதையும் டிக்கெட் காசையும் போட்டுக் குழப்புகிறார் என்று நினைக்கிறேன்.

காலியரி_அக்கா (11.10)
கார்த்திக் சொல்வது சரி. ஆனால் தம்பிக்கு இப்போது காசைவிட வழிதான் அவசரம். இன்று இரவே நாப்போலிக் கப்பலைப் பிடியுங்கள், அது தினமும் இரவில் உண்டு. வெள்ளி காலை நாப்போலி. அங்கிருந்து ரயிலில் ரோமா, பிறகு சிவிதாவெக்கியா துறைமுகம். அன்று இரவு, சார்டீனியாவின் வடக்கே இருக்கும் ஒல்பியாவுக்குக் கப்பல். சனி காலை ஒல்பியாவில் இறங்கி ரயில் ஏறினால் நாலு மணி நேரம் போல, மதியத்துக்குள் காலியரி. குழந்தையோடு இரண்டு இரவு, பொல்த்ரோனாவில், அதாவது சாய்வு இருக்கையில், படுத்துச் சமாளிக்க முடியாது. காபினாவே (தனி அறை) எடுங்கள். நாங்கள் மகள் பிறந்த வருடம் பொந்தேயில் (இருக்கையோ அறையோ இல்லாத டிக்கெட்) வந்தோம். இரவு முழுக்க ஏசிக் குளிரில் பால் போத்தலைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினேன்.

பழைய_மாலுமி (11.25)
அக்கா, காற்று அடிக்கும்போது வடக்கு வழியாகப் போகச் சொல்கிறீர்களா? கோர்சிகாவுக்கும் சார்டீனியாவுக்கும் நடுவே பொனிபாசியோ நீரிணையில் மாயிஸ்த்ராலே புனலில் ஊற்றியதுபோல் வரும். ஒல்பியாவுக்கு முன்னால் கப்பல் வாங்கப்போகும் அடி அதுதான். கடலை அறிந்தவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சரியான ஆள் சிரோக்கோ வரும்வரை காத்திருப்பான்.

நாவாந்துறையான் (11.33)
சிரோக்கோ தெற்கிலிருந்து வருகிறது. காலியரி வளைகுடா தெற்குப் பார்த்துத் திறந்திருக்கிறது. அது அடித்தால்தான் அந்தத் துறைமுகத்துக்கே தொல்லை. மாயிஸ்த்ராலேக்குத் தீவே மறைப்பு. பலெர்மோவுக்கும் அந்தப் பக்கம் பெல்லெக்ரினோ மலை நிற்கிறது. பிரச்சினை இரண்டு துறைமுகத்திலும் இல்லை, நடுக்கடலில். ஏறத்தாழ 210 கடல் மைல், ஒதுங்க ஒரு கரை கிடையாது. கப்பல் மேற்கு நோக்கிப் போகும்போது காற்று முகத்தில் அறையும். எங்கள் அப்பா இதைத்தான் கச்சான் என்பார்.

வைகைக்கரை (11.41)
கச்சான் மேல்காற்று அல்லவா? இது வடமேற்கு. சங்கப் பாட்டுக் கணக்கில் வடக்கு வாடை, மேற்கு கோடை. இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு என்ன பெயர்?

நாவாந்துறையான் (11.47)
கடலில் நிற்பவன் கோடை என்று சொல்லிக் கேட்டதில்லை. மேற்கில் கொஞ்சம் வடக்குச் சாய்ந்தாலும் எங்களுக்குக் கச்சான்தான்.

வைகைக்கரை (11.55)
அப்படியானால் சிரோக்கோவைத் தென்றல் என்று சொல்லலாமா?

காலியரி_அக்கா (12.03)
சஹாரா மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பால்கனித் துணியெல்லாம் செந்நிறமாக்குகிற காற்றையா தென்றல் என்பது! அந்தப் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள். சரி, தம்பி எங்கே? சுதன், டிக்கெட் எடுத்தீர்களா?

பழைய_மாலுமி (12.20)
காற்றின் திசையைப் பற்றி எழுதியதை நான் மாற்றவில்லை. பொனிபாசியோவை ஒருமுறை கடந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மால்டா_கார்த்திக் (12.31)
அதற்காகத்தான் ஒல்பியாக் கப்பலுக்குக் காசு கட்டும்முன் அது நாளை ஓடுகிறதா என்று போனில் கேட்க வேண்டும். சுதன், இன்னும் ஒன்று. குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் பெயர் பதிய வேண்டும். 20 கடல் மைலுக்கு மேல் போகும் கப்பலில் ஒவ்வோர் ஆளின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் "கொஞ்ஞோமே" (குடும்பப் பெயர்) இடத்தில் போய் உட்காரும். பாஸ்போர்ட்டில் எது எங்கே இருக்கிறதோ, அதே வரிசையில் கொடுங்கள்.

செல்வி_மொதிக்கா (15.10)
சொஜோர்னோ (வதிவிட அனுமதி) புதுப்பிக்கக் கொடுத்து, தபால் ரசீது மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கப்பலில் ஏறலாமா?

மால்டா_கார்த்திக் (15.24)
சிசிலியும் சார்டீனியாவும் இத்தாலிதானே, நீங்கள் எல்லை தாண்டவில்லை. பாஸ்போர்ட், ரசீது, பழைய அட்டை மூன்றையும் கையில் வைத்திருங்கள்.

காலியரி_அக்கா (வெள்ளி மாலை 6.15)
சுதன், ஒரு வார்த்தை எழுதுங்கள். நாப்போலி வந்துவிட்டீர்களா? குழந்தை எப்படி?

சுதன்_பி (ஞாயிறு இரவு 10.50)
நேற்று மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம், அக்கா சொன்ன வழியில்தான். ஒல்பியாக் கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம், ஆட்டம் அதிகம், மனைவிக்கு வாந்தி. குழந்தை தூங்கிவிட்டான். ஞானஸ்நானம் முடிந்தது. வவுச்சர் வேண்டாம் என்று ஈமெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மால்டா_கார்த்திக் (திங்கள் காலை 8.05)
சந்தோஷம். ஏழு நாளில் காசு வராவிட்டால் நிறுவனத்துக்கே முறைப்பாடு எழுதுங்கள், பயண நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் தொரினோவில் இருக்கும் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பலாம். மெசேஜை அழித்துவிடாதீர்கள்.