ஆட்டோமேட்டிக் நைஃபுக்குத் தமிழில் என்ன? மடலாடற்குழுவில் ஒரு கலைச்சொல் விவாதம்

அனுப்புநர்: கண்ணன், மயூர் விஹார்

அனைவருக்கும் வணக்கம்.

பொறியியல் மாத இதழ் ஒன்றுக்காக ஒரு கட்டுரை தயாராகிறது. கத்தி செய்யும் நிறுவனங்கள் ஆட்டோமேட்டிக் கத்திகளைச் செய்வதை ஏன் விட்டுவிடுகின்றன என்பது அதன் பொருள். முதல் வரைவில் 'தானியங்கிக் கத்தி' என்று போட்டிருந்தது. படித்துப் பார்த்தவர்கள் அதை மின்சாரத்தில் ஓடும் காய்கறி வெட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். மாற்றுச்சொல் வேண்டும்.

கட்டுரையில் நான்கு வகைக் கத்திகள் வருகின்றன. பிடியில் உள்ள பட்டனை அழுத்தினால் அலகு பக்கவாட்டில் சுழன்று திறப்பது ஒன்று. அலகு பிடியின் முன்வாய் வழியாக நேராக வெளியே வருவது இன்னொன்று. விரலால் அலகைச் சிறிது தள்ளிவிட்டால் மீதித் தூரத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்வது மூன்றாவது. ஸ்பிரிங்கே இல்லாமல், பூட்டை விடுவித்துக் கவிழ்த்தாலோ உதறினாலோ அலகு தன் எடையால் வெளியே வருவது நான்காவது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்தது இந்தக் கடைசி வகை.

நான்கையும் குழப்பாமல் சொல்லப் பெயர்கள் தேவை. முதலாவதுக்கு நல்ல சொல் கிடைத்துவிட்டால் மற்றவை அதன் பின்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அனுப்புநர்: மீனாட்சி, ஓக்லா

கண்ணன் சார்,

'விசைக்கத்தி' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், அதனால் முதலிலேயே மறுத்துவிடுகிறேன். விசைத்தறி, விசைப்படகு என்று மோட்டார் பூட்டியவற்றுக்கே 'விசை' சேர்த்துப் பழகிவிட்டோம். மறுபடியும் காய்கறி வெட்டியில்தான் போய் நிற்போம். 'சுருள்வில் கத்தி'யும் சரிவராது. சாதாரணப் பேனாக்கத்தியிலும் முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அலகு நினைத்தபடி ஆடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. 'பட்டன் கத்தி' மக்கள் வாயில் இருக்கும் சொல்தான். ஆனால் பட்டன் பூட்டு வைத்த மடக்குக் கத்திகள் இப்போது நிறைய வருகின்றன. அங்கே பட்டன் பூட்டை விடுவிக்கும், அவ்வளவுதான். திறப்பது விரல்.

ஆக, ஸ்பிரிங் இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. மூடியிருக்கும் நிலையில் ஸ்பிரிங் அலகை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு வகையைத் திறந்து காட்டுகிறேன். அலகு சுழலும் அச்சாணியைச் சுற்றி ஒரு முறுக்கு ஸ்பிரிங். ஒரு கால் அலகில், மறுகால் பிடியில் மாட்டியிருக்கும். மூடியிருக்கும்போதுதான் அது முழு முறுக்கில் இருக்கிறது. பட்டன் என்பது படி வைத்துக் கடைந்த சிறு உருளை. அதன் தடித்த பகுதி அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து அலகை மறித்து நிற்கும். அழுத்தினால் மெலிந்த பகுதி நேருக்கு வந்து வழிவிடும், அலகு பாயும். முழுதாகத் திறந்ததும் பட்டன் எழும்பி அலகின் இரண்டாவது பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டும். தடுத்து வைப்பதும் பூட்டி வைப்பதும் இந்த ஒரே உருளைதான்.

தயாரிப்பாளருக்கு இடிப்பதும் இதே இடத்தில்தான். ஸ்பிரிங்கை வலுவாக வைத்தால் ஒவ்வொரு திறப்பிலும் அலகு தடுப்பு ஊசியில் மோதும். ஊசி உட்காரும் துளை நாளடைவில் நீள்வட்டமாகும், அச்சாணித் திருகு தளரும். மென்மையாக வைத்தால் சட்டைப் பையில் சேரும் பஞ்சும் தூசியும் போதும், அலகு பூட்டுக்கு மயிரிழை முன்னால் நின்றுவிடும். பார்க்கத் திறந்த மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. அழுத்தி வெட்டும்போது விரல்மேல் மூடும்.

தேய்மானக் கணக்கு இன்னும் கொடியது. பட்டன் அச்சிலிருந்து 8 மி.மீ. தள்ளி, அலகின் முனை 80 மி.மீ. தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் 0.05 மி.மீ. தேய்ந்தால் முனை 0.5 மி.மீ. ஆடும். வாங்கியவர் திருப்பி அனுப்ப அது போதும். அச்சாணித் திருகை இறுக்கினால் பக்க ஆட்டம் குறையும், ஆனால் அலகு கடைசிவரை போகாது. தளர்த்தினால் போகும், ஆடும். சாதாரண மடக்குக் கத்தி என்றால் வாங்கியவரே திருகைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துகொள்வார். இதைப் பிரித்தால் முறுக்கிய ஸ்பிரிங் துள்ளி எழும், திரும்ப முறுக்கி மாட்டுவது பழகாத கைக்கு வராது. எனவே கத்தி தொழிற்சாலைக்கே திரும்பி வரும். பையில் தானாகத் திறந்துவிடும் அபாயத்துக்காகப் பல மாதிரிகளில் ஒரு தனித் தடுப்பும் வைக்கிறார்கள். அது இன்னொரு உதிரி, இன்னொரு பொருத்தும் வேலை.

என் பரிந்துரை: தெறிகத்தி. இழுத்துப் பிடித்ததை விட்டதும் பாய்வதைத் தெறித்தல் என்கிறோம். இந்தக் கத்தி செய்வதும் அதையே.

அனுப்புநர்: சேகர், திஸ் ஹசாரி

மீனாட்சி மேடம் சொன்ன அடையாளம் சட்டத்துக்கும் பொருந்துகிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்லியில் இந்தப் பொருளுக்கு ஏற்கெனவே காகிதத்தில் ஒரு பெயர் உண்டு: பட்டன்தார் சாக்கு (இந்தியில் சாக்கு என்றால் கத்தி). '25/54/59 ஆர்ம்ஸ் ஆக்ட்' என்று ஆயுதச் சட்டத்தின் பெயரில் தலைப்பிட்ட எஃப்.ஐ.ஆர்.களில் கைப்பற்றிய கத்தியைக் காகிதத்தில் வைத்து வரைந்து, பிடி, அலகு, அகலம் என்று சென்டிமீட்டரில் குறிப்பார்கள். காரணம் 1980-இன் டெல்லி நிர்வாக அறிவிக்கை. ஸ்பிரிங்கால் இயங்குவது, கராரிதார், பட்டன்தார், வேறு இயந்திர அமைப்பால் திறப்பது அல்லது மூடுவது ஆகிய கத்திகளை அது ஒன்றாகச் சேர்த்து, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. நாட்டின் பொது விதி வேறு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதுவும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென வடிவமைக்காதது என்றால்தான் உரிமம் கேட்கும். அங்கே அளவுதான் பேசுகிறது, டெல்லியில் அளவோடு அமைப்பும் பேசுகிறது.

ஆகவே வழக்கு ஆவணத்தைத் தமிழில் தரும்போது 'பட்டன்தார் கத்தி' என்றே இருக்கட்டும். அங்கே சொல்லை மாற்றினால் அறிவிக்கையோடு ஒட்டாது. கட்டுரையில் தெறிகத்தி என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை.

கராரிதார் என்பது திறக்கும்போது பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து கரகரவென்று ஒலிக்கும் ராம்பூர் கத்தி. அது தெறிகத்தி அல்ல. உத்தரப் பிரதேச அரசு அலகை நாலரை அங்குலத்துக்குள் கட்டுப்படுத்திய பிறகு ராம்பூர்த் தொழில் மெலிந்துபோனது. கண்ணன் சார் கட்டுரையில் ஓரிரு வரி அதற்குத் தர வேண்டும். தயாரிப்பு நிற்பது அமெரிக்காவில் மட்டும் நடந்த கதை இல்லை.

அமெரிக்கச் செய்தி: 1958-இன் கூட்டாட்சிச் சட்டம் தெறிகத்தியை வைத்திருப்பதை நாடு முழுவதும் தடுக்கவில்லை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வணிகத்துக்காக அனுப்புவதையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் தடுத்தது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ராணுவ ஒப்பந்தத்துக்கு விலக்கு. ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகை வைத்துக்கொள்ளலாம். இந்த விலக்கு நியாயமானது, கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

2009-இல் ஒரு திருத்தம் வந்தது. மூடிய நிலையை நோக்கியே இழுபடும்படி அமைந்து, கையால் அலகைத் தள்ளினால்தான் திறக்கும் கத்திகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. மூன்றாவது வகை தப்பியது இந்த வரியால். பிரிட்டன் நேர் எதிராகப் போனது. 1959-இலிருந்தே அங்கே தெறிகத்தி விற்பனைக்குத் தடை. 2019 சட்டம் 'பாதி திறந்த நிலையிலிருந்து முழுதாகத் திறப்பதையும்' வரையறைக்குள் கொண்டுவந்து, வீட்டில் வைத்திருப்பதையும் தடுத்தது. ஒரே கத்தி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் சட்டப்படி சரி, இந்தப் பக்கம் குற்றம். ஜெர்மனியில் பக்கவாட்டில் திறக்கும் 8.5 செ.மீ. அலகுவரை பொறுத்தார்கள், 2024 அக்டோபர் கடைசியில் அதையும் சில விலக்குகளோடு தடை செய்துவிட்டார்கள்.

மூடும் பக்கம் இழுபடும் அந்தப் பண்புக்கு மூடுநாட்டம் என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

அனுப்புநர்: இராமலிங்கம், ஆர்.கே.புரம்

மீனாட்சி அம்மாவுக்கு வாழ்த்து. தெறிகத்தி நல்ல வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலமும் அதில் அடங்கும். நடுவில் 'க்' போட்டுத் 'தெறிக்கத்தி' என்று யாரும் எழுதிவிடக் கூடாது, இலக்கணமும் போகும், பொருளும் போகும். 'பாய்கத்தி' என்றும் யோசித்தேன். கோரைப் பாய் அறுக்கும் கத்தி என்று படிப்பார்கள், வேண்டாம்.

நான்காவது வகைக்கு உதறுகத்தி. கவிழ்ப்பதும் உதறுவதும் கையின் வேலை, ஸ்பிரிங்குக்கு இடமில்லை. இதுவும் வினைத்தொகை.

சேகர் தம்பி, நாட்டம் என்பது மனத்தின் விருப்பம். இரும்புக்கு நாட்டம் உண்டா? 'மூடுசாய்வு' என்றால் என்ன?

அனுப்புநர்: மீனாட்சி, ஓக்லா

ஐயா, சாய்வு ஏற்கெனவே எங்களிடம் வேலை பார்க்கிறது. அலகைச் சாணை பிடித்த சரிவை வரைபடத்தில் சாய்வு என்றுதான் குறிக்கிறோம். ஒரே கத்தியில் இரண்டு சாய்வு வந்தால் பட்டறையில் தப்பாகும். திசைகாட்டி முள்ளுக்கு வடக்கே நாட்டம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மூடுநாட்டம் இருக்கட்டும்.

மூன்றாவது வகைக்குத் துணைவில் கத்தி என்று வைக்கலாம். அதில் ஸ்பிரிங் அச்சின் ஒரு பக்கத்தில் இருக்கும்வரை அலகை உள்ளே அழுத்தும். விரல் அலகைச் சிறிது தூரம் தள்ளியதும் ஸ்பிரிங்கின் இழுவிசை அச்சைத் தாண்டி மறுபக்கம் போகும், அதன்பின் அதே ஸ்பிரிங் திறக்கும். கென் ஆனியன் என்ற கத்தி வடிவமைப்பாளர் உருவாக்கி, கெர்ஷா என்ற கத்தி நிறுவனம் 1998 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்பீடுசேஃப் அமைப்பு இந்த வகை. பல தயாரிப்பாளர்கள் தெறிகத்தியை விட்டு இந்தப் பக்கம் வந்ததன் காரணத்தைக் கட்டுரையில் இங்கிருந்து தொடங்குங்கள் சார். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் தபாலில் போகும், கடையில் சான்றிதழ் கேட்க வேண்டாம். தெறிகத்தி என்றால் தபால் துறை பொதுவாக ஏற்காது. வாங்குபவர் ராணுவமா, காவல்துறையா என்று தாள் வாங்கி வைக்க வேண்டும், கிடங்கில் தனி அடுக்கு, மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி. கலிஃபோர்னியாவில் 2 அங்குலத்துக்குக் குறைந்த அலகு மட்டும். அதற்கென ஒரு குட்டி மாதிரியைத் தனியாகச் செய்ய வேண்டும். விற்பது கொஞ்சம், வகை பல. அச்சு, வார்ப்பு, சோதனை எல்லாம் வகைக்கு ஒன்று.

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தவறு. 1958-க்குப் பிறகு ஷ்ரேட் போன்ற பழைய பெயர்கள் பொதுச் சந்தையிலிருந்து விலகின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்கு எம்2 என்ற தெறிகத்தியைச் செய்து கொடுத்தது ஷ்ரேட் பெயர் கொண்ட ஒரு நிறுவனம். ஆனால் 2010-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தன் தடையை நீக்கியது, டெக்சாஸ் 2013-இல். மைக்ரோடெக், பெஞ்ச்மேட், புரோடெக் இன்றும் செய்கின்றன. கெர்ஷாவே 'லாஞ்ச்' வரிசையில் தெறிகத்திக்கு வந்தது.

இரண்டாவது வகைக்கு முன்தெறி கத்தி. இதில் இரண்டு விதம். ஒற்றைச் செயல் விதத்தில் ஸ்பிரிங் வெளியே தள்ளும், உள்ளே இழுப்பது கை. இரட்டைச் செயல் விதத்தில் ஒரே தள்ளுபட்டன் முன்னால் போனால் அலகு வெளியே, பின்னால் வந்தால் உள்ளே. தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இழுபடுகிறது. பட்டன் எல்லையைத் தொடும் கணத்தில் கொக்கி விடுபட்டு அலகு பாயும். ஓய்வில் ஸ்பிரிங்கில் அழுத்தம் இராது. கடைசித் தூரத்தை அலகு தன் வேகத்திலேயே கடக்கிறது. எனவே வழியில் எதாவது பட்டால் பாதியில் நின்றுவிடும், எந்தப் பூட்டிலும் சேராது, பட்டனைத் தள்ளினாலும் அசையாது. இதை தடம்விலகல் என்று எழுதுங்கள். பழுது அல்ல. அலகின் தட்டைப் பக்கங்களைப் பிடித்து, முனைக்கு நேராக விரல் வராமல், 'க்ளிக்' என்று கேட்கும்வரை முன்னால் இழுத்தால் சேர்ந்துவிடும். அலகு வழுக்கிப் போக இடைவெளி தேவை, அதனால் முன்தெறி கத்தியில் சிறு ஆட்டம் வடிவமைப்பிலேயே உண்டு. தெரியாதவர்கள் அதையும் குறை என்று திருப்பி அனுப்புவார்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றுவது இன்னொரு தவறு. தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அலகை மந்தமாக்கும், தடம்விலகல் கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, சில முறை இயக்கி, உலர்ந்த பின் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அனுப்புநர்: கண்ணன், மயூர் விஹார்

எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"தெறிகத்தியில் அலகு மூடியிருக்கும்போதே ஸ்பிரிங் அதைத் திறக்கும் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். பட்டன் அதைத் தடுத்து நிற்கும். துணைவில் கத்திக்கு மூடுநாட்டம் உண்டு. விரல் தள்ளினால்தான் ஸ்பிரிங் உதவிக்கு வரும். 2009 முதல் அமெரிக்கச் சட்டம் இவ்விரண்டையும் வேறாகப் பார்க்கிறது. விற்பனை வழி அடைபட்டதும், பொருத்தும் செலவும், திரும்பி வரும் கத்திகளும் சேர்ந்து தயாரிப்பாளர்களைத் தெறிகத்தியிலிருந்து துணைவில் கத்திக்குத் திருப்பின."

பிரிட்டன், ஜெர்மனி, டெல்லி, ராம்பூர் அடுத்த பத்தியில். வழக்கு மேற்கோளில் மட்டும் பட்டன்தார் கத்தி. உதறுகத்திக்கு மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், வெள்ளி அச்சுக்குப் போகிறது.