சோடியத்துக்குக் கீழே ஏன் பொட்டாசியம்? தனிம அட்டவணையைப் புரிந்து படிக்க இணையத்தில் என்ன இருக்கிறது?

திருமங்கலம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. டியூஷனில் முதல் வேலையாக முப்பது தனிமங்களை வரிசையாக மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்தால் "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்" என்று ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றுகூடத் தட்டாமல் வருகிறது.

நேற்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, "சோடியத்துக்கு நேர் கீழே ஏன் பொட்டாசியத்தை வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்தாள். "புக்குல அப்படித்தான்பா போட்டிருக்கு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பன்னிரண்டாவதோடு நின்றவன், எனக்கும் பதில் தெரியாது.

வீட்டில் ஒரே செல்போன், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஆங்கிலம் எழுத்தில் இருந்தால் அவளுக்குப் புரியும், வேகமாகப் பேசினால் பிடிபடாது. இந்த அட்டவணையை உண்டாக்கியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்ற கதையோடு சொல்லித்தரும் தளமோ வீடியோவோ இருந்தால் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி மாணவன்:

அண்ணே, நான் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். நான் இன்றைக்கும் திறந்து பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பீட்டேபிள் (ptable.com) என்ற தனிம அட்டவணைத் தளம். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் விவரம் வரும், டேட்டா அதிகம் இழுக்காது. அடுத்து, லண்டனில் இருக்கிற ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் தனிம அட்டவணைத் தளம். ஒவ்வொரு தனிமத்தையும் யார், எப்போது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறது. ஒலிப்பதிவும் உண்டு. அதையே எழுத்திலும் போட்டிருக்கிறார்கள், உங்கள் மகளுக்கு அது தோதுப்படும்.

வீடியோ என்றால் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பீரியாடிக் வீடியோஸ். 2008ல் தொடங்கியது. 118 தனிமங்களுக்கும் தனித்தனி வீடியோ. நரைத்த பரட்டைத் தலையோடு வருகிற மார்ட்டின் போலியாகாஃப் என்ற பேராசிரியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேகத்தை 0.75க்குக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் போட்டால் மூன்றும் ஒரே குணம், ஆனால் கீழே போகப் போக வேகம் கூடும். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் தனிமங்களுக்குக் கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் கவனம்: அங்கே ஐதரசன், ஆக்சிசன் என்று எழுதுவார்கள். பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும்.

மேலூர் வாத்தியார்:

தம்பி, அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கேள்விதான் சரியான தொடக்கம். மாணவத் தம்பி சொன்ன தளங்கள் எல்லாம் நல்லவை. ஆனால் அவற்றைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்.

உங்கள் கடையில் தடித்த அட்டை இருக்கும். சீட்டுக்கட்டு அளவில் பதினேழு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் தனிமத்தின் பெயர், அணு நிறை (அணுவின் எடை), இணைதிறன் (ஓர் அணு மற்ற அணுக்களோடு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண்), இவ்வளவு போதும். லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, ஃப்ளூரின் 19. இந்த ஏழுக்கும் இணைதிறன் வரிசையாக 1, 2, 3, 4, 3, 2, 1. அப்புறம் சோடியம் 23, மெக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5. மறுபடியும் அதே 1, 2, 3, 4, 3, 2, 1. பிறகு பொட்டாசியம் 39, இணைதிறன் 1. கால்சியம் 40, இணைதிறன் 2. கடைசியாக டைட்டானியம் 48, இணைதிறன் 4.

ஹீலியம், நியான், ஆர்கான் வேண்டாம். 1869ல் இந்த அட்டவணையை உண்டாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கையில் அவை இல்லை. அவருக்குத் தெரிந்தவை 63 தனிமங்கள்தான்.

சீட்டுகளைக் குலுக்கி அவளிடம் கொடுங்கள். எடை ஏறும் வரிசையில் அடுக்கட்டும், பழைய குணம் திரும்பி வந்தால் புது வரி தொடங்கட்டும். சோடியமும் பொட்டாசியமும் தானாகவே லித்தியத்துக்குக் கீழே வந்து உட்காரும். ஏழு சுரம் முடிந்து எட்டாவதில் மறுபடி 'ச' வருகிற மாதிரி. இதை இங்கிலாந்து வேதியியலாளர் நியூலாண்ட்ஸ் 1865ல் சொன்னார். மறு வருஷம் லண்டன் வேதியியல் சங்கத்தில், "அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?" என்று கேட்டு அவரை மட்டம்தட்டினார்கள். பிறகு 1887ல் அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

டைட்டானியம் சீட்டு வரும்போது ஒன்றும் பேசாதீர்கள். அவளே என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

அதன் பிறகு கேலியம் என்ற உலோகத்தின் கதையைப் படிக்கக் கொடுங்கள். துத்தநாகத்துக்கும் ஆர்சனிக்குக்கும் நடுவில் மெண்டலீவ் இரண்டு கேள்விக்குறி போட்டு, 68, 70 என்று எடையும் எழுதிவைத்தார். 1875ல் பிரான்ஸில் புவாபோத்ரான் ஒரு துத்தநாகத் தாதுவில் கேலியத்தைக் கண்டுபிடித்தார், அடர்த்தி 4.7 என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், "5.9 பக்கம் வரவேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள்" என்று எழுதினார். அளந்தார்கள். 5.9தான். சீக்கிரம் உருகும் என்றும் அவர் சொல்லியிருந்தார். கேலியத்தின் உருகுநிலை 29.8 டிகிரி. பீட்டேபிளில் வெப்பநிலையை நகர்த்தும் பட்டி இருக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு 40 டிகிரியில் வையுங்கள். கேலியம் திரவமாகிவிடும். அந்த வெயிலில் மதுரையில் அதை மேசை மேல் கட்டியாக வைத்திருக்க முடியாது.

மெண்டலீவ் இதைக் கனவில் கண்டார் என்று பல வீடியோக்களில் வரும். அதை அவள் மனதில் ஏற்ற வேண்டாம். பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி 1869 பிப்ரவரி 17 என்று தேதியிட்ட அவருடைய கையெழுத்துத் தாளின் படம் இணையத்தில் கிடைக்கிறது. பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். அதைப் பெரிதாக ஜெராக்ஸ் போட்டு அவள் மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.

திருத்தங்கல் மகள்:

அண்ணே, நான் சிவகாசிப் பக்கம். அப்பா பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர், நான் கெமிஸ்ட்ரி படித்ததே அவர் வாயால் கேட்ட பெயர்களால்தான். வாணத்தில் சிவப்பு என்றால் ஸ்ட்ரான்ஷியம், பச்சை என்றால் பேரியம் என்பார். (பேரியம் உப்புக்கு இப்போது உச்ச நீதிமன்றத் தடை இருக்கிறது.) கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் மூன்றின் எடை 40, 88, 137. முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்குங்கள், நடுவில் இருப்பது ஏறக்குறைய வந்துவிடும். ஜெர்மன் வேதியியலாளர் டாபரைனர் 1829ல் சொன்ன மும்மை விதி இதுதான். தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இலவசமாக இறக்கலாம். டாபரைனர், நியூலாண்ட்ஸ், மெண்டலீவ் மூவரும் தமிழிலேயே இருக்கிறார்கள். பதினொன்றுக்கு முன் அதை ஒரு தடவை படிக்கட்டும்.

நிறத்தை வீடியோவில் மட்டும் பார்க்கட்டும் அண்ணே. வீட்டில் செய்ய வேண்டுமென்றால் கேஸ் அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகைச் சாப்பாட்டு உப்பு போதும், சோடியத்தின் மஞ்சள் தெரியும். வேறு எதையும் தீயில் போட விடாதீர்கள்.

திருமங்கலம் ஜெராக்ஸ்:

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு லீவு விட்டு உட்கார்ந்தோம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் மீந்ததை வெட்டினேன். தரையில் பரப்பினாள். பொட்டாசியம், கால்சியம் வரை கடகடவென்று வந்துவிட்டது. டைட்டானியத்தை அலுமினியத்துக்குக் கீழே வைத்தாள். கையை எடுக்கவில்லை. மேலே 3, 3 என்று இருக்கிறது, இதில் 4. சீட்டை மெதுவாக ஒரு இடம் தள்ளி சிலிக்கானுக்குக் கீழே நகர்த்தினாள். "அப்பா, இங்க ஒரு சீட்டு குறையுது. நீங்க வெட்ட மறந்துட்டீங்க" என்றாள்.

ஐயா, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. மெண்டலீவும் அங்கேதான் 45 என்று எழுதி முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தார், 1879ல் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டுபிடித்தார் என்று ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி தளத்தில் அவளே தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்து என்ன சீட்டு எழுத வேண்டும் என்று கேட்கச் சொல்கிறாள்.

மேலூர் வாத்தியார்:

அந்தப் பிள்ளைக்கு என் ஆசி. அடுத்து இரண்டே சீட்டு. டெலூரியம் 127.6, இணைதிறன் 2. அயோடின் 126.9, இணைதிறன் 1. எடைப்படி வைத்தால் குணம் இடிக்கும், குணப்படி வைத்தால் எடை இடிக்கும். மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார், எடையை அளந்ததில்தான் தவறு என்று கடைசிவரை நம்பினார். எடை சரிதான். இடத்தை முடிவுசெய்வது அணு எண் (அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) என்று 1913ல் எக்ஸ் கதிரை வைத்துக் காட்டியவர் இங்கிலாந்து இயற்பியலாளர் மோஸ்லி. இரண்டு வருஷத்தில் கலிப்போலி போர்க்களத்தில் இறந்துபோனார், வயது 27. மோஸ்லியைப் பற்றி இப்போதே சொல்லிவிடாதீர்கள். முதலில் அந்த இரண்டு சீட்டோடு அவள் ஒரு ராத்திரி மல்லுக்கட்டட்டும்.