பழைய டர்போ காரில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் மாற்றியவர்கள், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

இசட்32_டொராண்டோ

1991 ஆம் ஆண்டின் நிசான் 300 இசட்எக்ஸ் ட்வின் டர்போ. எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுப் பெட்டியான பிளீனத்தைக் கழற்றுவது என்ன வேலை என்று இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வார இறுதிகள் போயின. மார்ச் மாதம், ஹீட்டர் இல்லாத கராஜ்.

எஞ்சின் சூடேறிய பிறகு ஒரு சிலிண்டர் நின்றுவிடும், ஆறினால் திரும்பி வந்துவிடும். காயில், பிளக், பற்றவைப்புப் பெட்டி எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜெக்டருக்கு வந்தேன். பழைய வகை இன்ஜெக்டர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் உள்ளே கசிந்து கம்பிச்சுருளைக் கெடுத்துவிடும் என்று இந்தக் கார்க்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஒவ்வொரு இன்ஜெக்டர் மூடிக்கும் இரண்டு ஸ்க்ரூ, மொத்தம் 12. முப்பது வருடமாக அசையாதவை. ஜப்பானிய அளவுக்கான ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வைத்திருந்ததால் ஒன்றுகூட வழுக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

ஆறையும் வெளியே எடுத்து பெஞ்சில் வரிசையாக வைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். 11.8, 12.0, 11.9, 12.1, 5.6, 11.9. இருக்க வேண்டியது 10 முதல் 14 ஓம். ஐந்தாவது மட்டும் கெட்டிருந்தது. புதியது ஒன்று வாங்கினேன். மீதி ஐந்தையும் துடைத்து, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, பெட்ரோல் வரும் குழாயான ரெயிலில் திரும்ப வைத்தேன்.

கடைசி இன்ஜெக்டரை அழுத்துவதற்கு முன் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். ஆறையும் மாற்றிவிடலாமா என்று மனம் கேட்டது. மீட்டர்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறதே என்று அழுத்திவிட்டேன்.

மே மாதம் காரை வெளியே எடுத்த மூன்றாவது வாரம், 401 நெடுஞ்சாலையில், இரண்டாம் சிலிண்டர் நின்றது. மறுபடியும் பிளீனம், மறுபடியும் மூன்று வார இறுதிகள். இரண்டாம் முறை ஆறையும் மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி இன்ஜெக்டரோடு நின்ற நேரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சுழலி_மெல்பர்ன்

எனக்கு நடந்தது வேறு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி. முதன்மை இன்ஜெக்டர்கள் நிமிடத்துக்கு 550 சிசி, இரண்டாம் ஜோடி 850. முதன்மை ஜோடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: காற்று உள்ளே போகும் மேல் மேனிஃபோல்டு, வேக்யூம் குழாய்க் காடு, இரண்டாம் ரெயில் என்று எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கண்ணில் படும்.

சுத்தம் செய்து வந்த இன்ஜெக்டர்களைப் பொருத்தினேன். டயக்னோஸ்டிக் பெட்டியில் ஒரு கம்பியால் இணைத்தால் எஞ்சினைச் சுழற்றாமலே பம்ப் ஓடும், கசிவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மேல் மேனிஃபோல்டை மூடுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. மாலை ஏழு மணி, மனைவியின் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் மூடி ஸ்டார்ட் செய்தேன்.

அருமையாகப் பிடித்தது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு எஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல, ஒரே ஒரு தடவை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ஓடினேன். தீயணைப்பு உருளை கார் டிக்கியில், ஒரு பெட்டிக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை, ஆனால் நெடுநேரம்.

தீப்பிடிக்கவில்லை. உள்ளே தள்ளும்போது ஒரு ஓ-ரிங் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து உருளை என் கால் அருகில் இருக்கும். பம்பை மூன்று முறை ஓடவிட்டு, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்க்காமல் நான் எதையும் மூடுவதில்லை.

ஆர்பி26_ஆக்லாந்து

இசட்32 அண்ணா, உங்கள் தயக்கத்தை விடுங்கள். நீங்கள் அளந்த விதத்தைத்தான் நான் கேட்பேன். கோளாறு சூட்டில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அளந்தது மார்ச் மாதக் குளிர் கராஜில். செம்புக்கம்பியின் மின்தடை சூட்டில் கூடும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். 20 டிகிரியில் 12 ஓம் காட்டும் நல்ல இன்ஜெக்டர் 60 டிகிரியில் 14-ஐ நெருங்க வேண்டும். சுருளுக்குள் காப்பு உரிந்ததாக இருந்தால் சூட்டில் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு எண் இறங்கிவிடும். மேலும், இதற்குப் பிளீனத்தைக் கழற்றவே வேண்டாம். காரை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் கணினியான ஈசியுவின் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டர் முனையையும் அங்கிருந்தே அளக்கலாம்.

இனி என் கதை. நிசான் ஆர்32 ஜிடிஆர். அதன் 444 சிசி இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை வகை, அதனால் வழியில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி வைத்திருப்பார்கள். நான் 1000 சிசி, உயர் மின்தடை இன்ஜெக்டர்கள் போட்டேன். டியூன் செய்து கொடுத்தவர் ரெசிஸ்டர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, ஈசியுவில் அதற்கேற்ற எண்களைப் போட்டுச் சரியாக்கியிருந்தார். கார் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் கழித்து, உயர் மின்தடை இன்ஜெக்டருக்கு அந்தப் பெட்டி கூடாது என்று எங்கோ படித்தேன். 12 ஓமோடு இன்னொரு 6 ஓம் தொடராகச் சேர்ந்தால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும், இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி தாமதமாகத் திறக்கும். படித்தது சரிதான். உடனே நானே பெட்டியைத் தாண்டி ஒயரை இணைத்துவிட்டேன். மறுபடி டியூன் செய்யவில்லை.

ஊசி முன்பைவிட விரைவாகத் திறந்தது, பழைய எண்கள் தாமதத்துக்கு ஈடாகப் போட்டவை. அதனால் ஐடிலில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) பெட்ரோல் அதிகமாகப் போனது. லேசான கறுப்புப் புகை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வாரம் கழித்து ஆயில் அளவுக் கம்பியை இழுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. விரலில் எடுத்தால் நீர் போல வழிந்தது, முகர்ந்தால் பெட்ரோல். எஞ்சின் ஆயில் கூடுகிறது என்றால் அதன் பொருள் என்ன என்று அந்த இடத்தில் நின்றபடியே புரிந்தது. பேரிங் தப்பித்ததா இல்லையா என்று இன்றுவரை ஒவ்வொரு காலையும் காதைத் தீட்டிக் கேட்கிறேன்.

பினாங்கு_ஈவோ

என்னுடையது மிட்சுபிஷி ஈவோ. மலிவாகக் கிடைத்தது என்று போலி இன்ஜெக்டர்கள் வாங்கினேன். இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றியபோது வெள்ளைப் பீங்கானில் மணல்போல அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. அது பிஸ்டனிலிருந்து வந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். மின்தடையை மட்டும் அளந்து இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதை ஆக்லாந்து நண்பர் ஊக்குவிப்பது சரியில்லை. மீட்டர் கம்பிச்சுருளைத்தான் பார்க்கிறது. ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறதா, மூடியபின் சொட்டுகிறதா என்பது அதற்குத் தெரியாது. என் போலி இன்ஜெக்டர்கள் நான்கும் மீட்டரில் ஒரே எண்தான் காட்டின. ஃப்ளோ பெஞ்சில் நான்கையும் சேர்த்து ஓடவிட்டு, கண்ணாடிக் குழாய்களில் அளவை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். குறைந்த திறப்பிலும் ஓடவிட்டுப் பாருங்கள். முழுத் திறப்பில் சமமாக இருப்பவை ஐடிலில் சமமாக இருப்பதில்லை.

அடுத்தது அளவு. 300 இசட்எக்ஸ் ட்வின் டர்போவின் ஆறு 370 சிசி இன்ஜெக்டர்கள் 80 சதவீதத் திறப்பில் (நேரத்தில் 80 சதவீதம் திறந்திருந்தால்), பெட்ரோலில், ஏறத்தாழ 300 குதிரைத்திறனுக்குத்தான் போதும். 555 சிசி போட்டால் அது 450 ஆகும். எத்தனால் பெருமளவு கலந்த இ85 ஊற்றினால் 30 சதவீதம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும், அதனால் அதே 555 ஏறத்தாழ 345-க்குத்தான் வரும். 370-லிருந்து 555-க்குப் போனால் ஈசியுவில் இன்ஜெக்டர் எண்ணை மூன்றில் இரண்டாகக் குறைக்க வேண்டும். அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர்கள் பலர். திறப்புத் தாமதம் தனி எண், அது பேட்டரி வோல்டேஜோடு மாறும், அந்த இன்ஜெக்டருக்கு உரியதைத்தான் போட வேண்டும். ஆக்லாந்து நண்பரின் ஆயில் கெட்டதும் இதனால்தான்.

அழுத்தத்தையும் மறக்காதீர்கள். 555 சிசி என்பது 3 பார் அழுத்தத்தில் அளந்தது. 4 பாராக ஏற்றினால் அதே இன்ஜெக்டர் 640 சிசி தரும், ஏனென்றால் பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, முறுக்காமல் நேராக அழுத்துங்கள். மெல்பர்ன் நண்பர் ஓ-ரிங்கை உலர்ந்த நிலையில் அழுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சுழலி_மெல்பர்ன்

பினாங்கு நண்பரே, ஆயில் தடவித்தான் அழுத்தினேன். வெட்டியது துளையின் விளிம்பில் இருந்த ஒரு பிசிறு. விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. நான் எழுதியது பம்பை ஓடவிட்டுப் பார்க்காததைப் பற்றி.

வெண்_போர்ஷே_சூரிக்

போர்ஷே 944 டர்போ. நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றினேன், தேவையில்லாமல். பெட்ரோல் வாசனை அவற்றிலிருந்து வரவில்லை. ரெயிலுக்கு வரும் குழாயின் ரப்பர் பகுதி கல்லாக இறுகி, மடிப்பில் முடியளவு பிளந்திருந்தது. கையால் வளைத்துப் பார்த்தபோது என் விரல்களுக்கு நடுவிலேயே பிளவு வாய் திறந்தது. இரண்டு வருடமாக அந்தக் குழாயோடுதான் குழந்தைகளைப் பின்னிருக்கையில் வைத்து மலைப்பாதையில் போய்வந்தேன். முதலில் குழாய்களைப் பாருங்கள்.

ஆர்பி26_ஆக்லாந்து

மீட்டர் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? அண்ணாவின் கார் சூட்டில் நின்றது, மின்கோளாறு. அதற்கு மீட்டர்தான் முதல் கருவி. ஓட்டம் சமமாக இல்லை என்ற சந்தேகம் அவருக்கு வரவே இல்லை. என் ஆயில் கெட்ட காரணத்தை நானே மேலே எழுதியிருக்கிறேன், அதைத் திரும்ப எனக்கே சொல்லத் தேவையில்லை. உங்கள் பிஸ்டனைப் பற்றி எழுதினால் எங்களுக்கு அதுதான் உதவும்.

பினாங்கு_ஈவோ

சரி, எழுதுகிறேன். இரண்டாம் சிலிண்டருக்கு மட்டும் குறைவாகப் பாய்ந்தது. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் டர்போவுக்குப் பின்னால் இருப்பதால் நான்கின் சராசரியைத்தான் காட்டும், அந்த எண் நன்றாகவே இருந்தது. முழு பூஸ்டில், நான்காம் கியரில், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டு விநாடி இருக்கும். காலை எடுத்தேன். திரையில் அந்த எண் அப்போதும் நன்றாகவே இருந்தது. அதை நம்பி மேலும் ஒரு முறை மிதித்தேன்.

இசட்32_டொராண்டோ

எல்லோருக்கும் நன்றி. பினாங்கு தம்பி, 555 பற்றி நான் கேட்கவில்லை, இந்தக் காருக்கு 300 குதிரைத்திறன் எனக்குப் போதும். இரண்டாம் முறை மாற்றியபோது புதிய வகை இன்ஜெக்டர்களும் அவற்றுக்கான ரெயிலும் இணைப்பிகளும் போட்டுவிட்டேன். பிளீனத்துக்கு அடியில் இருந்த தண்ணீர்க் குழாய்களையும் அப்போதே மாற்றினேன், சூரிக் நண்பர் சொன்னது போலச் சில கல்லாகத்தான் இருந்தன.

ஆக்லாந்து தம்பி கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. குளிரில்தான் அளந்தேன். கையுறையோடு அளந்தேன், கராஜில் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. அது சூட்டில் வரும் கோளாறு என்று எனக்குத் தெரிந்திருந்தும் அப்படி அளந்திருக்கிறேன்.

அதனால் பழைய இன்ஜெக்டர்கள் இருந்த டப்பாவை இன்று மாலை எடுத்தேன். கெட்டுப்போன இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சமையலறை மேசையில் வைத்து, பெட்ரோல் ஒரு துளியும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தலைமுடி உலர்த்தியால் சூடேற்றினேன். மல்டிமீட்டரை மகள் பிடித்துக்கொண்டாள். முதல் சிலிண்டருடையது 12-லிருந்து மெல்ல ஏறி 13.7-இல் நின்றது. நான்காவதும் ஆறாவதும் அப்படியே.

மூன்றாவது 12.9 வரை ஏறியது. மகள் எண்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். 12.9, 12.9, பிறகு 9.2 என்றாள். நான் உலர்த்தியை அணைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 12.